ஒன்பது வயதில் ஒரு புது வீடு: வயதான நாயைத் தத்தெடுத்தல் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

தத்துக்கு வரும் வயதான நாய்களைப் பற்றி அடிக்கடி கேட்கும் வாசகம் ஒன்று உண்டு: "வயசாயிடுச்சு சார், அப்படித்தான் இருக்கும்." எழுந்திருக்கத் திணறுவது, யாரோடும் ஒட்டாமல் மூலையில் படுத்துக் கிடப்பது, தொட்டால் உறுமுவது, வாய் நாறுவது எல்லாவற்றுக்கும் இந்த ஒரே விளக்கத்தைச் சொல்லிவிடுகிறார்கள். வயது என்பது நோயல்ல. அந்த விளக்கத்துக்குப் பின்னால் பெரும்பாலும் மருந்தோ, உணவு மாற்றமோ, தரையில் விரிக்கும் பாயோ சரிசெய்யக்கூடிய ஏதோ ஒன்று ஒளிந்திருக்கும். முதல் ஆறு மாதத்தில் அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் குடும்பத்துக்கு, குட்டி நாயிடம் இரண்டு வருடம் பாடுபட்டாலும் கிடைக்காத ஒரு துணை கிடைக்கிறது.

இங்கே விவரிக்கும் டாமி தனி ஒரு நாயல்ல. சென்னை போன்ற நகரங்களில் தத்துக்கு வரும் லாப்ரடார்களிடம் திரும்பத் திரும்பக் காணப்படும் பிரச்சினைகளை ஒரே நாயாகத் தொகுத்த மாதிரி நேர்வு இது. ஆண், ஒன்பது வயது, 38 கிலோ. வளர்த்த குடும்பம் வெளிநாடு போகிறது. எடுத்துக்கொள்பவர்கள் அறுபதைத் தாண்டிய தம்பதி. லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் முதல் மாடி, 18 படிகள், வீடு முழுக்க வழவழப்பான டைல்ஸ்.

ஒன்பது வயது என்றால் எவ்வளவு? ஏழால் பெருக்கும் பழைய கணக்கு சரியில்லை. சான் டியகோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 104 லாப்ரடார்களின் மரபணுவில் வயதோடு ஏறும் வேதியியல் அடையாளங்களை மனிதர்களுடையதோடு ஒப்பிட்டு, 2020-இல் ஒரு சூத்திரம் தந்தார்கள். அதன்படி ஒன்பது வயது லாப்ரடார் ஏறக்குறைய 66 வயது மனிதருக்குச் சமம். லாப்ரடார்கள் பொதுவாகப் பன்னிரண்டு வயதை ஒட்டி வாழ்பவை. அதனால் இந்தத் தம்பதியும் டாமியும் கிட்டத்தட்ட ஒரே பருவத்தில் இருக்கிறார்கள். இந்தப் பொருத்தம் தற்செயலாகப் பார்க்க வேண்டிய ஒன்றல்ல. 30 கிலோ எடையுள்ள ஒரு வயது லாப்ரடார் பூனையைக் கண்டு சங்கிலியை இழுத்தால், 65 வயதுக்காரர் தெருவில் விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. டாமி இழுப்பதில்லை. இழுக்க வேண்டிய வயதைக் கடந்துவிட்டது.

ஒப்படைக்கும் வீட்டில் கேட்டு வாங்க வேண்டியவை

நாயைக் கொடுப்பவர்கள் அவசரத்தில் இருப்பார்கள். தட்டு, பாய், தடுப்பூசி அட்டை மூன்றையும் கையில் திணித்துவிட்டுப் போய்விடுவார்கள். அதற்கு முன் அரைமணி நேரம் உட்கார்ந்து பேச வேண்டும். எத்தனை மணிக்கு என்ன சாப்பிடும், இரவில் எங்கே படுக்கும், பட்டாசுச் சத்தத்துக்கு என்ன செய்யும், யாரையாவது எப்போதாவது கடித்திருக்கிறதா, எந்தச் சூழலில் கடித்தது, இதுவரை என்னென்ன மருந்து சாப்பிட்டது, அரிப்புக்காக அடிக்கடி ஸ்டீராய்டு ஊசி போட்டார்களா? இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நீண்டகாலம் ஸ்டீராய்டு போட்ட நாய்க்கு வயிறு தொங்கும், தாகம் கூடும், தசை கரையும். பார்ப்பவர்கள் அதையும் முதுமைக் கணக்கில் எழுதிவிடுவார்கள்.

நாய்க்குத் தெரிந்த சொற்களை அப்படியே குறித்துக்கொள்ள வேண்டும். நம்மூர் நாய்கள் "சிட்"டும் "வா"வும் "பைட்டோ"வும் கலந்துதான் கற்றிருக்கும். அந்த வீட்டில் "பைட்டோ" என்று சொல்லி உட்கார வைத்த நாயிடம் புது வீட்டில் "உட்காரு" என்றால் அது விழிக்கும். மந்தமான நாய் என்று பெயர் வாங்கும். பழைய வீட்டுக்காரர்கள் கூப்பிடும் தொனியைக் கைபேசியில் பதிவு செய்துகொண்டால் இன்னும் நல்லது.

எழுத்து மூலமான ஒப்படைப்புக் கடிதம் ஒன்றும் வேண்டும். மைக்ரோசிப் இருந்தால் அதன் எண்ணைப் புதியவர் பெயருக்கு மாற்ற வேண்டும். சென்னை மாநகராட்சி எல்லைக்குள் செல்லப்பிராணி உரிமமும் கட்டாயம். அதற்கு நடப்பில் உள்ள வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று தேவைப்படும்.

முதல் மூன்று வாரம்

தத்தெடுத்த நாயைப் பழக்குவோர் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். மூன்று நாள் திகைப்பு, மூன்று வாரத்தில் வீட்டின் நேரங்கள் பிடிபடுவது, மூன்று மாதத்தில் இது நம் வீடு என்ற நிலை. வயதான நாய்க்கு இந்தக் கணக்கு பெரும்பாலும் ஒத்துவரும்.

முதல் மூன்று நாள் குளிப்பாட்டக் கூடாது. உறவினர்களை அழைத்துக் காட்டக் கூடாது. பழைய பாயைத் துவைக்கவும் கூடாது, அதிலுள்ள வாசனைதான் நாய்க்குத் தெரிந்த ஒரே பொருள். பழைய வீட்டு உணவே ஒரு வாரம் தொடரட்டும், அது தயிர்சாதமாக இருந்தாலும். அதன்பின் ஏழு முதல் பத்து நாட்களில் கால் பங்கு, அரைப் பங்கு, முக்கால் பங்கு என்று புது உணவைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். ஒரே நாளில் மாற்றினால் வயிற்றுப்போக்கு வரும். புது இடத்துப் பதற்றத்தோடு அதுவும் சேர்ந்தால் வீட்டுக்குள் அசிங்கம் செய்யும் நாய் என்ற பழி விழும்.

இந்த நாட்களில் மிகப் பெரிய ஆபத்து கதவு. வயதான நாய் ஓடாது என்று நினைத்து கேட்டைத் திறந்து வைப்பவர்கள் உண்டு. பழைய வீட்டைத் தேடிக் கிளம்பும் நாய்க்கு வயது ஒரு தடையே இல்லை. மூட்டு வலியோடு மெதுவாகவே நடந்து மூன்று தெரு தாண்டிவிடும், திரும்பி வர வழி தெரியாது. கைபேசி எண் பொறித்த வில்லை கழுத்தில் இருக்கட்டும். நடைக்குப் போகும்போது கழுத்துப்பட்டைக்குப் பதில் ஹார்னெஸ் (மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டை) போடட்டும்.

ஹார்னெஸுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. வயதான லாப்ரடார்களுக்குக் குரல்வளைத் தசை செயலிழக்கும் நோய் வருவதுண்டு. குரைப்பு கரகரப்பாக மாறுவது முதல் அறிகுறி. மூச்சிழுக்கும்போது இரைச்சல் கேட்கும், தண்ணீர் குடிக்கும்போது இருமல் வரும். நாய் இரைத்துத்தான் உடல் சூட்டைத் தணிக்க முடியும். குரல்வளை திறக்காத நாயால் அது முடியாது. மே மாதச் சென்னையில் அப்படிப்பட்ட நாய் பகல் பதினொரு மணி நடையில் உயிரை விட்டுவிடலாம். குரல் மாறிய லாப்ரடாரை அந்த வாரமே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மருத்துவப் பரிசோதனை: எது முதலில்?

முதல் வாரம் முடிந்ததும் முழுப் பரிசோதனை. வேப்பேரியிலுள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்தில் ரத்தம், சிறுநீர், எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாவற்றையும் ஒரே வளாகத்தில் முடித்துவிடலாம். ரத்த அணுக்கள், கிரியேட்டினின், கல்லீரல் நொதிகள், சர்க்கரை, தைராய்டு, ரத்த ஒட்டுண்ணிக்கான ஸ்மியர் (கண்ணாடித் தகட்டில் ரத்தம் தடவிப் பார்க்கும் சோதனை), சிறுநீரின் அடர்த்தி இவ்வளவும் பார்க்க வேண்டும். சிறுநீர் அடர்த்தியைத் தவற விடக் கூடாது. சிறுநீரகத்தின் செயல்திறனில் முக்கால் பங்கு போனபிறகுதான் கிரியேட்டினின் ஏறும். அடர்த்தி அதற்கு முன்பே குறைந்துவிடும். காலையில் முதலில் கழிக்கும் சிறுநீரைச் சுத்தமான கரண்டியிலோ ஆழமில்லாத தட்டிலோ பிடித்துக்கொண்டு போகலாம்.

டாமியின் முடிவுகள் இப்படி: ரத்தத் தட்டணுக்கள் 90,000 (இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும்), லேசான ரத்தசோகை, எர்லிக்கியா தொற்று (உண்ணி பரப்பும் உண்ணிக் காய்ச்சல்) உறுதி. கடைவாய்ப் பற்களில் கெட்டியான காரை, ஈறில் சீழ், இரண்டு பற்கள் ஆடுகின்றன. எக்ஸ்ரேயில் இரு இடுப்பு மூட்டுகளிலும் முழங்கையிலும் தேய்மானம். சிறுநீரகம் நன்றாக இருக்கிறது. கண்ணில் நீலச் சாம்பல் நிற மங்கல் தெரிகிறது, ஆனால் அது புரையல்ல. ஏழு வயதுக்கு மேல் விழிலென்ஸ் இறுகுவதால் வரும் இந்த மங்கலில் பார்வை பெரிதாகக் குறையாது. விலாவில் எலுமிச்சை அளவுக்கு மிருதுவான கட்டி. ஊசியில் உறிஞ்சிப் பார்த்ததில் வெறும் கொழுப்பு.

ஆகவே யாரோடும் ஒட்டாத இந்த நாய்க்கு உண்ணிக் காய்ச்சல், பல்வலி, மூட்டுவலி மூன்றும் ஒரே நேரத்தில் இருந்திருக்கின்றன.

இனி வரிசைதான் முக்கியம். நாய் நொண்டுவது கண்ணுக்குத் தெரிவதால் வலி மருந்தை முதலில் கேட்பார்கள். வாய் நாறுவதால் பல்லை முதலில் பிடுங்கச் சொல்வார்கள். தட்டணு 90,000 உள்ள நாய்க்கு இரண்டுமே தவறு. மூட்டுவலிக்குத் தரும் கார்ப்ரோஃபென், மெலாக்சிகாம் வகை மருந்துகள் இரைப்பையில் ரத்தக்கசிவை உண்டாக்கக் கூடியவை. பல் பிடுங்கினால் ரத்தம் உறையத் தாமதமாகும். முதலில் உண்ணிக் காய்ச்சலுக்கு டாக்சிசைக்ளின், 28 நாட்கள் முழுமையாக. நான்காம் ஐந்தாம் நாளே நாய் தெளிந்து வாலாட்டும், அதைப் பார்த்து மருந்தை நிறுத்துபவர்கள் ஏராளம். நிறுத்தினால் நோய் எலும்பு மஜ்ஜையில் தங்கி மாதங்கள் கழித்துத் திரும்பலாம். மாத்திரையை வெறும் தொண்டையில் போடக் கூடாது. உணவுக் குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். சாப்பாட்டோடு கொடுத்து, பின்னாலேயே தண்ணீரோ மசாலா சேராத கோழிச் சாறோ குடிக்க வைக்க வேண்டும்.

அதே நேரத்தில் உண்ணியையும் ஒழிக்க வேண்டும். நாயின் மேலிருப்பது ஒரு பகுதிதான், மீதி சுவர் வெடிப்பிலும் ஜன்னல் சட்டத்திலும் கட்டிலுக்கு அடியிலும் இருக்கும். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். மருத்துவர் எழுதித் தரும் உண்ணி மாத்திரையை நாளை எண்ணித் தவறாமல் கொடுப்பதோடு, முதல் மாதம் வெடிப்புகளை அடைப்பதும் பாயை வெந்நீரில் துவைப்பதும் நடக்க வேண்டும். வலிப்பு வரலாறு உள்ள நாய் என்றால் மாத்திரைக்கு முன் அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

மறுபரிசோதனையில் தட்டணு இரண்டு லட்சத்தைத் தாண்டியபின் மயக்க மருந்து கொடுத்துப் பல் சுத்தம், ஆடும் பற்களை எடுத்தல். பிடுங்கிய இடம் ஆறும்வரை மென்மையான உணவு. அதன்பிறகு மூட்டுக்கான மருந்து. மருத்துவர்கள் வழக்கமாக இரண்டு வாரம் கொடுத்துப் பார்த்துவிட்டு, மீண்டும் ரத்தம் சோதித்துத் தொடர்வார்கள். வாந்தி, கறுப்பு மலம், பசியின்மை எது வந்தாலும் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரை அழைக்க வேண்டும். ஸ்டீராய்டோடு சேர்த்து இதைக் கொடுக்கவே கூடாது. வீட்டு அலமாரியிலுள்ள பாராசிட்டமால், ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் மூன்றும் நாயைக் கொல்லக்கூடியவை. "பாதி மாத்திரைதானே" என்று கொடுத்துவிட்டு ரத்த வாந்தியோடு தூக்கிக்கொண்டு வரும் நாய்களை எந்த மருத்துவமனையிலும் பார்க்கலாம்.

எடை

மூட்டுவலிக்கு இருக்கும் மருந்துகளில் விலையே இல்லாத மருந்து எடைக் குறைப்பு. 48 லாப்ரடார்களைக் குட்டிப் பருவத்திலிருந்து கடைசிவரை கவனித்த நீண்டகால ஆய்வு ஒன்றின் முடிவு 2002-இல் வெளியானது. கால் பங்கு குறைவாக உணவு பெற்ற நாய்களின் இடைநிலை ஆயுள் 13 வருடம், மற்றவற்றுக்கு 11.2 வருடம். ஒல்லியாக இருந்தவற்றுக்கு மூட்டுத் தேய்மானமும் தாமதமாகவே வந்தது.

டாமியின் பழைய உணவைக் கணக்கிட்டால் இரண்டு வேளை தயிர்சாதம், காப்பி நேரத்தில் பத்து மேரி பிஸ்கட். பிஸ்கட் ஒன்றுக்கு 20 கலோரிக்கு மேல், அதுவே இருநூறைத் தாண்டும். மொத்தம் 1,400 கலோரியைத் தொடும், அதில் புரதம் சொற்பம். வயதான நாய்க்குத் தசை கரையாமல் இருக்கப் புரதம் கூடுதலாக வேண்டும். நம் வழக்கம் அதற்கு நேர் எதிராக இருக்கிறது.

இலக்கு எடை 30 கிலோ. அந்த எடைக்கு ஓய்வுநிலைத் தேவை நாளொன்றுக்கு ஏறக்குறைய 900 கலோரி. 100 கிராமில் 340 கலோரி உள்ள உலர் உணவானால் 265 கிராம். கப்பில் அளந்தால் தினம் ஒரு அளவாகிவிடும், சமையலறைத் தராசில் நிறுப்பதே சரி. இதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 90 கலோரிக்குள் தின்பண்டம் இருக்கலாம். அதற்கேற்ப உணவைக் குறைத்துக்கொள்ள வேண்டும். வெள்ளரி, கேரட், வேகவைத்த பீன்ஸ் நல்லவை. வெங்காயம், திராட்சை, பாயசத்தில் போடும் உலர்திராட்சை, சாக்லேட் கூடாதவை. வீட்டில் சமைத்துக் கொடுப்பதென்றால் சோறும் கோழியும் மட்டும் போதாது, கால்சியம் பற்றாது. மருத்துவரிடம் அளவு கேட்டுச் சேர்க்க வேண்டும்.

வாரத்துக்கு ஒரு சதவீதம் குறைந்தால் போதும், முதலில் அது 380 கிராம். இந்த வேகத்தில் 38-லிருந்து 30-க்கு வர 23, 24 வாரம் ஆகும். வேகமாகக் குறைத்தால் கொழுப்போடு தசையும் போகும். எடை பார்க்க நாயைத் தூக்க வேண்டியதில்லை. மருத்துவமனை வாசலிலுள்ள தராசும் சரி, பழைய பேப்பர் கடையின் மேடைத் தராசும் சரி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரே தராசாக இருந்தால் போதும். இந்தத் திட்டம் தோற்கும் வீடுகளில் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: தாத்தா காப்பி குடிக்கும்போது யாருக்கும் தெரியாமல் கொடுக்கும் பிஸ்கட். அவருக்கும் கொடுக்க ஏதாவது வேண்டும், ஆகையால் நறுக்கிய வெள்ளரியை அவர் பக்கத்திலேயே டப்பாவில் வைத்துவிடுவது நல்ல தீர்வு.

வீடும் நடையும்

மூட்டு தேய்ந்த நாய்க்கு டைல்ஸ் தரை கொடுமையானது. பின்னங்கால் வழுக்கும் என்ற பயத்திலேயே எழுந்திருக்காது, அதைச் சோம்பல் என்பார்கள். படுக்கையிலிருந்து தண்ணீர்ப் பாத்திரம் வரை, அங்கிருந்து வாசல் வரை ஒரே தொடராக ரப்பர் பாயோ யோகா பாயோ விரித்தால் அன்றைக்கே நடையில் மாற்றம் தெரியும். துண்டு துண்டாக இடைவெளி விட்டு விரித்தால் பாதியில் நின்றுவிடும். நகத்தையும் பாதத்தின் அடியிலுள்ள முடியையும் வெட்டுவது இதற்குச் சமமான பலன் தரும். படுக்கைக்கு நான்கு அங்குலத் தடிமனுள்ள, அழுத்தினால் தரை தட்டாத ஃபோம். வெறும் தரையில் படுத்தால் முழங்கை காய்த்துப் புண்ணாகும்.

18 படி இறங்க, குளியல் துண்டை வயிற்றுக்கு அடியில் பின்னங்கால்களை ஒட்டிக் கொடுத்து இரு முனையையும் மேலே பிடித்துக்கொண்டால் நாயின் எடையில் ஒரு பங்கை நாம் தாங்கலாம். இந்தத் தம்பதிக்கு நாளொன்றுக்கு நான்கு முறை அப்படி இறங்க வேண்டியிருந்தது. அதுதான் இந்தத் தத்தெடுப்பின் உண்மையான சிரமம், அதை மறைப்பதில் அர்த்தமில்லை. கீழ்த்தளத்தில் வீடுள்ளவர்களுக்கு வயதான பெரிய நாய் இன்னும் பொருத்தம்.

ஒரே நேரத்தில் ஒரு மணி நேரம் நடப்பதைவிட, பதினைந்து நிமிடமாக மூன்று நடை நல்லது. கோடையில் காலை ஆறரைக்கு முன்பும் இரவு ஏழுக்குப் பிறகும். புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு விநாடி வைத்திருக்க முடியாவிட்டால் நாய்க்கும் அது சுடும்.

காது மந்தமாகும் நாயைத் தூக்கத்தில் தொடக் கூடாது. முன்பக்கமாக வந்து தரையைத் தட்டினால் அதிர்வில் விழிக்கும். பேரப்பிள்ளைகள் வரும்போது இந்த ஒரு விதியைக் கண்டிப்பாகச் சொல்லித்தர வேண்டும். வயதான நாய் கடித்தது என்ற புகார்களில் பல, வலியுள்ள இடத்தைத் தொட்டதாலோ தூக்கத்தில் திடுக்கிட்டதாலோ நிகழ்பவை.

கிடைத்தது என்ன

உண்ணிக் காய்ச்சல் சிகிச்சை தொடங்கிய சில நாளிலேயே டாமி மூலையை விட்டுக் கூடத்துக்கு வந்துவிட்டது. பல் ஆறியபின் தலையைத் தடவவிட்டது, உறுமலுக்குக் காரணம் தாடைதான் என்று அப்போது விளங்கியது. 34 கிலோவுக்கு இறங்கியபோது துண்டின் தேவை ஏறும்போது மட்டுமே என்றானது. ஆறாம் மாத முடிவில் 31 கிலோ.

இந்த மாற்றங்களைத் தாண்டி, தம்பதிக்கு முதல் நாளிலிருந்தே கிடைத்தவை உண்டு. செருப்பு கடிபடவில்லை, மெத்தை கிழியவில்லை. சிறுநீர் கழிக்க வெளியே போக வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. இரவு முழுக்கத் தூங்கியது. குட்டிக்கு இவற்றைக் கற்றுத்தர மாதக்கணக்கில் தூக்கம் கெட வேண்டும். அதைவிட முக்கியமானது, இது என்ன மாதிரியான நாய் என்பது எடுக்கும்போதே தெரியும். குட்டி வளர்ந்து எவ்வளவு பெரிதாகும், குழந்தைகளைப் பொறுக்குமா, தனியாக இருக்குமா என்பதெல்லாம் ஊகம். ஒன்பது வயது நாயிடம் ஊகத்துக்கு இடமில்லை, வலியின் திரையை விலக்கிவிட்டால் குணம் முழுதும் முன்னால் நிற்கிறது.

வயதான நாய் புதியவரோடு ஒட்டாது என்ற அச்சத்துக்கும் ஆதாரமில்லை. ஹங்கேரியில் காப்பகங்களிலிருந்த வளர்ந்த நாய்களை வைத்து 2001-இல் வெளியான ஆய்வில், ஒருவர் மூன்று முறை, முறைக்குப் பத்து நிமிடம் பழகியதுமே அவரிடம் அவை பிணைப்புக்குரிய நடத்தைகளைக் காட்டின. மனிதத் தொடர்பு வற்றிய நாய்க்கு அந்தப் பசி அதிகம். டாமி மூன்றாம் வாரத்திலேயே வீட்டம்மா சமையலறைக்குப் போனால் வாசலில் வந்து படுத்துக்கொண்டது.

இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தமும் சிறுநீரும் பார்க்க வேண்டும். இடைப்பட்ட காலத்தில் வீட்டிலேயே கவனிக்க இரண்டு எண்கள் போதும். தூங்கும்போது நிமிடத்துக்கு முப்பது மூச்சுக்குள் இருக்க வேண்டும். குடிக்கும் தண்ணீர் நாளொன்றுக்கு கிலோவுக்கு 100 மில்லியைத் தாண்டக் கூடாது, 31 கிலோ நாய்க்கு மூன்று லிட்டர். பழகிய வீட்டுக்குள் வழி தவறுவது, இரவில் காரணமின்றி உலாவுவது, சுவரைப் பார்த்து நிற்பது ஆகியவை மூளைத் தேய்வின் அறிகுறிகள், பதினொரு வயதுக்குப் பிறகு எதிர்பார்க்கலாம். திடீரென ஈறு வெளுத்துச் சுருண்டு விழுந்தால் மண்ணீரல் கட்டி உடைந்திருக்கலாம், அப்போது தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஒரு ஏற்பாடு மிச்சமிருந்தது. இருவரில் ஒருவர் மருத்துவமனையில் சேர நேர்ந்தால் டாமியைப் பார்ப்பது யார்? அதே தெருவிலுள்ள உறவினர் குடும்பம் ஒப்புக்கொண்டது. வாரம் ஒருமுறை மாலை நடைக்கு அவர்கள் டாமியை அழைத்துப் போய்ப் பழக்கிக்கொண்டார்கள். மருந்தின் பெயர், வேளை, உணவின் எடை, மருத்துவரின் எண், உறவினரின் எண் எல்லாம் ஒரே தாளில் எழுதித் தடுப்பூசி அட்டையோடு ஒட்டப்பட்டது.